சுவரைப் பூசும் முன் அஸ்திவாரத்தைப் பாருங்கள்!

பழைய வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளுக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் பட்ட நஷ்டம் வேறு யாருக்கும் வரக் கூடாது.

கும்பகோணத்தில் நாங்கள் இருக்கும் வீடு, என் கணவரின் கொள்ளுத் தாத்தா கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு. நான் கல்யாணமாகி வந்தபோதே கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் இருந்தது. உப்புப் பூத்துக் காரை உதிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் கூட்டி அள்ளுவது என் வேலை. வீட்டுக்கு வருபவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

பொறுக்க முடியாமல், ஐந்து வருடங்களுக்கு முன் என் இரண்டு வளையல்களை அடகு வைத்து, சுவரின் அடிப்பாகம் முழுவதும் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தோம். பளிச்சென்று இருந்தது. எல்லாம் இரண்டு மழைக்காலம்தான்! முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. போன வருடம் கூடத்து மூலையில் விரிசலும் விட்டது.

வந்து பார்த்த காண்ட்ராக்டர் ஒருவர், ‘அஸ்திவாரமே போச்சு, இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுங்க’ என்றார். கொழுந்தனாரும், ‘இடிச்சுட்டா மனையை வித்துப் பங்கு பிரிச்சுக்கலாமே’ என்றார். என் மாமியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, கோவில் திருப்பணிகளில் வேலை பார்த்த வயதான கொத்தனார் ஒருவரை வரவழைத்தோம். அவர் விரிசலைப் பார்ப்பதற்கு முன், முற்றத்தில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, வாசல் சாக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். ‘ஊத்துனது ரெண்டு குடம், வந்தது அரைக் குடம். மீதி எங்கம்மா போச்சு?’ என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக முற்றத்தைக் கழுவி விடுகிறேனே, ஒரு நாளாவது அதை யோசித்தேனா?

தோண்டிப் பார்த்தபோது, கூடத்துச் சுவருக்கு அடியில் போகும் பழைய மண் குழாய் உடைந்து கிடந்தது. அந்தத் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் கரைத்துவிட்டது. மேலே பூசிய சிமென்ட்டோ, சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே வர விடவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் காற்றில் விட்டுவிடுமாம். சிமென்ட் வழியை அடைத்தால் ஈரம் மேலேதான் ஏறும் என்றார்.

முதலில் குழாயை மாற்றினார். பிறகு மண் அரித்த இடத்தை மூன்று மூன்று அடியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கெட்டிப்படுத்தினார். ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும் என்றார். சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் கோடை முழுவதும் காயவிட்டுத்தான் சுண்ணாம்புக் காரை பூசினார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடுமாம். ஐப்பசி, கார்த்திகை மழை போய்விட்டது. கண்ணாடி இன்னும் உடையவில்லை.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. விரிசல் நாளுக்கு நாள் பெரிதானால், சுவர் சாய்ந்தால், உடனே விவரம் தெரிந்த இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். நாமாகத் தோண்டக் கூடாது. ஆனால் ‘இடி’ என்று யார் சொன்னாலும், ‘தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்று முதலில் கேளுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது, கழிவுநீர்த் தொட்டி சுவரை ஒட்டி இருக்கிறதா, சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்கும் நம் கண்ணில்தான் இவை முதலில் படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் திண்ணைக்கு மூன்று படி இருந்ததாம். ரோடு போடப் போட, இப்போது ஒரு படிதான் மிச்சம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது, நாலு பெண்களாகச் சேர்ந்து வாசலில் நின்று இதைக் கேளுங்கள்.

என் வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. ஆனால் என் மாமியார் அதே கூடத்தில்தான் நிம்மதியாகத் தூங்குகிறார். நகையைக் கொடுத்துச் சுவரை மூடாதீர்கள், சகோதரிகளே. முதலில் அடியில் இருக்கும் ஓட்டையைத் தேடுங்கள்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.