வெயிலைக் காணோமே!

1792 ஏப்ரல்ல சென்னையிலேர்ந்து கிளம்பி ஓசூர், மதுரைன்னு நம்ம பக்கம் சுத்திச் சுத்தி வரைஞ்சவங்க தாமஸ் டேனியலும், அவரோட சகோதரர் மகன் வில்லியமும். கேமரா அப்ஸ்க்யூரா பெட்டி வச்சு அளவு பார்த்து வரைஞ்சதால மலை, கோபுரம், மண்டபம் எல்லாம் அச்சு அசல். பிறகு லண்டன்ல 1795லேர்ந்து 1808 வரைக்கும் 144 படமா அச்சடிச்சாங்க.

எல்லாம் சரி மக்களே, வெயில் எங்கே? கிளம்பினதே ஏப்ரல்ல. அந்த அச்சுப் படங்கள்ல பாதிக்கு மேல சாயங்காலம் அஞ்சரை மணி மாதிரியே இருக்குன்னு எனக்குப் படுது.

இந்த வெளிச்சத்தோட சொந்த ஊர் ரோம். க்ளாட் லொரேன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர், 1640 வாக்குல மான்டே மாரியோ குன்றுலேர்ந்து டைபர் நதியை வரைஞ்சார். பேனா கிடையாது, தூரிகையும், தண்ணி கலந்த பழுப்பு மையும்தான். கிட்ட இருக்கிற இடம் இருட்டு, தூரம் போகப் போக வெளுப்பு. ஆத்துக்குன்னு வெள்ளைப் பெயின்ட்லாம் பூசல, பேப்பரை அப்படியே விட்டுட்டார். அது மின்னுது! பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அந்த மனநிலை, அந்த லேசான சோகம், அந்த ஊர் காத்துக்குப் பொருத்தம். (நான் அதுக்கு ரசிகன், சண்டைக்கு வராதீங்க :-))

ஆனா அதே அழகு இலக்கணத்தைத்தான் அடுத்த நூற்றாண்டு இங்கிலாந்து பாடமாவே படிச்சுது. டேனியல்கள் அதை மூட்டை கட்டி இங்க கொண்டு வந்துட்டாங்க. வாங்கப்போறதும் அந்த ஊர் ஆளுங்கதானே.

எங்க கே.ஜி.கண்டிகைக்கு மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு வாங்க. கிட்ட இருக்கிற பாறை கண்ணைக் கூசும், தூரத்து மலை வெள்ளைக்குள்ள கரைஞ்சே போயிடும். நிழல்னா புளிய மரத்தடியில மட்டும், அதுவும் கன்னங்கரேல்னு. தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது. அந்த வெறிச்சுக்கும் ஒரு மனநிலை இருக்குங்க. அதுவும் அழகுதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

இன்னொண்ணு, டேனியல்களோட கலர் அச்சை விட வெறும் பென்சில் கோட்டோட, லேசா மை தடவி விட்ட சித்திரங்கள்தான் நம்ம மதியத்துக்குக் கிட்ட வருது. காரணம், அதுல பேப்பர் நிறைய சும்மா கிடக்கு.

இன்னிக்கும் திருத்தணி மலைன்னா எல்லாரும் போனைத் தூக்கறது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். அந்த ஆரஞ்சு வானம் போதும் சாமி. வரையத் தெரிஞ்சவங்க ஒரு தடவை ரெண்டு மணிக்கு உக்காருங்க. தொப்பி மறக்காதீங்க.