துவிச்சக்கர வண்டியும் அதனை நிறுத்துமிடமும்

துவிச்சக்கர வண்டி ஓடுங்காலத்தினும் நிற்குங்காலமே பெரிதென்பதை நம்மவர் கருதுவதில்லை. கச்சிராயபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூரொன்றினின்று கள்ளக்குறிச்சிக்குக் கற்க வரும் மாணாக்கனை எடுத்துக்கொள்வோம். அவன் வண்டியை மிதிப்பது பஸ் நிற்குஞ் சாலைவரையில் கால்மணி நேரமே. பின்னர் மாலைவரை அவ்வண்டி புளியமரத்திலோ தேநீர்க்கடைச் சுவரிலோ சாய்ந்து, வெயிலிற் காய்ந்தும் மழையில் நனைந்தும் கிடக்கின்றது. கள்வனுக்கு வேண்டிய அவகாசம் இதனினும் யாது?

கல்வராயன் மலைச் சாலையில் வெள்ளிமலைவரை சைக்கிளை மிதித்தேறுதல் பள்ளிப்பிள்ளைக்கு ஆகுங் காரியமன்று. ஆகவே சமவெளி வண்டிக்கு அடிவாரமே எல்லை. இடம் வேண்டுவதும் அங்கேதான். ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென 2001-இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் மற்றை மாணாக்கர்க்கும் விரிந்தது. அது மிக நல்ல காரியமே. எனினும், வண்டியை ஈந்த கை அதனை நிறுத்த ஒரு முழ நிழலையும் ஈந்திருக்கலாம்.

"பஸ் நிலையங்களில் ஸ்டாண்டு உண்டே" என்பர் சிலர். உண்டு, ஆயின் அதன் நடைமுறையை நோக்குக. கட்டணம் வசூலிக்கும் உரிமையை நகராட்சிகள் ஏலம் விடுகின்றன. ஏலத்தொகையை மீட்க வேண்டிய குத்தகைதாரர், மிகுந்த கட்டணந் தரும் மோட்டார் சைக்கிளுக்கு முன்னிடமும், குறைந்த கட்டணந் தரும் மிதிவண்டிக்குக் கடைமூலையுமே அளிப்பர். அவரை நோவதிற் பயனில்லை. ஏல நிபந்தனையிலேயே கூரையின்கீழ் இன்ன பங்கு சைக்கிளுக்கென்று வரையறுத்தல் வேண்டும். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. புதிதாய் எழும் அலுவலகங்களில் கட்டும்போதே இதற்கு இடம் விடுதல் எளிது. பின்னர் இடித்துச் சேர்ப்பது அரிது.

முன்சக்கரத்தை மட்டும் கௌவும் தாங்கிகளை நான் சிறிதும் விரும்பேன். வண்டி சாயின் சக்கரம் கோணும். தாங்கியின்றி நிரையாய் நிறுத்தினாலோ ஒன்று விழ அனைத்தும் விழும். நம் வண்டிகளின் பின்சக்கரப் பூட்டும் போதாது. பூட்டியபடியே தோளில் தூக்கிச் செல்லலாமன்றோ? 'ப' என்னும் எழுத்தைத் தலைகீழாய்க் கவிழ்த்ததுபோன்ற இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி, வண்டியின் சட்டத்தை அதனோடு சங்கிலியாற் பிணைத்தலே தக்க முறை. ஒரு மீட்டர் இடைவெளியில் ஒன்றாக நட்டால், ஒவ்வொன்றிலும் இருபுறமும் இரண்டு வண்டி நிற்கும். கொல்லுப்பட்டறை உள்ள எவ்வூரிலும் இதனைச் செய்துகொள்ளலாம்.

ஜப்பான் தேசம் ரயில் நிலையங்களின் முன் குவிந்த சைக்கிள்களைக் கண்டு 1980-இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. ஒல்லாந்து நாட்டு உத்ரெக்ட் நகர நிலையத்தில் 12,500 வண்டிகள் நிற்கும் மண்டபம் 2019-இல் நிறைவுற்றது. அங்கே முதல் 24 மணி நேரத்திற்குக் கட்டணமில்லை. அத்துணைப் பெரிய மண்டபம் நமக்கு வேண்டா. அடிவாரத்துப் பஸ் நிறுத்தங்களிலும் சின்னசேலம் ரயில் நிலையத்திலும் ஒரு தகரக்கூரை, பத்துக் குழாய், ஒரு விளக்கு, காவலுக்கு ஓர் ஆள் போதும். காவலை மகளிர் குழுவொன்றிடம் ஒப்புவிக்கலாம். கட்டணம் வாங்குவதாயின் மாணாக்கர்க்கு அது மாதச் சீட்டாயிருத்தல் நலம். நாள்தோறும் சில்லறை தேடவேண்டிய பிள்ளை மீண்டும் புளியமரத்தையே நாடுவான்.