சாவி இருக்கு, கதவைத் தூக்கணும்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. பி.காம். படிச்சிட்டு துபாய்ல பேங்க் வேலை பாக்குறவனுக்கு பூட்லோடர்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. நியாயம்தான். காரணம் பாறசாலையில இருக்கிற என் அக்கா மகன்.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணி, ஊர்ல பதினொன்றரை. போன். "மாமா, போர்டு செத்துப் போச்சு." படிப்பு புராஜெக்டுக்காக மலிவா வாங்கின ஒரு ஏஆர்எம் போர்டு. அதுல யூ-பூட் ஏத்தப் பாத்திருக்கான். கூட வந்த விளக்கம் ஒரே ஒரு பக்கம், அதுவும் சீன மொழியில.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். பவர் குடுத்ததும் சிப்புக்குள்ளயே இருக்கிற ரோம் முதல்ல ஓடும். அது எஸ்பிஎல்னு ஒரு குட்டி புரோகிராமைக் கூப்பிடும். அது டிராம் மெமரியை எழுப்பும். அப்புறம்தான் முழு யூ-பூட், கடைசியா லினக்ஸ். காலையில பிராஞ்ச் திறக்கிற மாதிரி: ஷட்டர், அலாரம், ஸ்ட்ராங் ரூம், பிறகுதான் கவுண்ட்டர். டிராம் டைமிங்ல ஒரு எண் தப்பினாலும் பாதி வழியில அப்படியே நின்னுடும்.

இந்த யூ-பூட்டை வளர்த்தவர் ஜெர்மனியின் வுல்ஃப்காங் டெங்க். 2000-ல பவர்பிசி சிப்புக்கான பிபிசிபூட்டா இருந்தது, மத்த சிப்புகளும் சேர்ந்ததால 2002-ல பேர் மாறிச்சு. அவர் 2022-ல காலமாகிட்டார். 2012-லேயே டாம் ரினி பொறுப்பை ஏத்துக்கிட்டதால வேலை நிக்கல. ஒவ்வொரு போர்டுக்கும் யார் பொறுப்புன்னு ஒரு கோப்புல பேர் இருக்கணும். பாத்துக்க ஆள் இல்லாத பழைய போர்டுகளைத் தூக்கிடுவாங்க.

புது போர்டு சேர்க்கிற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிற பழைய போர்டைப் பாத்து காப்பியடி, டிவைஸ் ட்ரீயை மாத்து, கான்ஃபிக் கோப்பு ஒண்ணு போடு. குறிப்பு எழுதவும் சோர்ஸ்லயே இடம் இருக்கு. ஆனா பல குறிப்புகள் 'இப்படி கம்பைல் பண்ணு, கார்டுல எழுது'ன்னு முடிஞ்சிடுது. என் சண்டை அதோடதான்.

முன்னாடி ஒரு பிராஞ்சுல சார்ஜ் எடுத்தப்ப லிஸ்ட்ல சாவி நம்பர் எல்லாம் சரியா இருந்துச்சு. ஸ்ட்ராங் ரூம் கதவை லேசா மேல தூக்கினாத்தான் சாவி திரும்பும்ங்கிறதை மட்டும் யாரும் எழுதல. முதல் நாளே முக்கால் மணி நேரம் கஸ்டமர் எல்லாம் வெளிய நின்னாங்க :-)

மருமகன் போர்டும் சாகல. ரெண்டு பின்னை இடுக்கியால சேர்த்துப் பிடிச்சுப் பவர் குடுத்தா, ரோம் யுஎஸ்பி வழியா புது எஸ்பிஎல்லை வாங்கிக்குது. இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள்.

"அதை எழுதி வை மக்களே"ன்னேன். "வேலை முடியட்டும் மாமா"ன்னான். முடிஞ்சப்புறம் எவனும் எழுத மாட்டான், எழுதினாலும் தடுக்கி விழுந்த இடம் ஞாபகம் இருக்காது. ஓடாத டைமிங் எண், நல்லா பூட் ஆனப்ப சீரியல்ல வந்த முழு லாக், பின் எங்க இருக்குன்னு ஒரு போட்டோ. அன்னன்னைக்கே எழுதணும்.

இது இப்ப முக்கியம்னு ஏன் நினைக்கிறேன்னா, சென்னை ஐஐடியோட சக்தி சிப் 2018-லேயே லினக்ஸை ஓட்டிடுச்சு. திருவனந்தபுரம் சி-டாக் வேகான்னு பிராசசர் வரிசையே பண்ணுது, அவன் வீட்டுல இருந்து பஸ்ல போற தூரம். சிப் நம்ம ஊர்ல பண்ணியாச்சு. அதை வச்சு வர்ற ஒவ்வொரு புது போர்டையும் எழுப்ப யாராவது ராத்திரி முழிக்கணும்.

எந்த மொழியில எழுதறதுன்னு கேட்டான். 1956-ல எல்லை போட்டப்ப விளவங்கோடு அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகாவுல நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டோம். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம், காலேஜ்ல இங்கிலீஷ். யூ-பூட்டுக்கு இங்கிலீஷ்ல குடு, உனக்கு அடுத்து வர்ற பையனுக்கு வாயில வர்ற மாதிரி தமிழ்ல எழுதுன்னேன்.

நேத்து நாலு பக்கம் அனுப்பியிருந்தான். மூணாவது பக்கத்துல இடுக்கி படம், பின்னுக்கு சிவப்பு வட்டம். கீழ, "இங்கதான் ரெண்டு நாள் போச்சு."