இல்லத் துணை: வெந்நீர் வராத குழாய்

ஆடி பிறந்து, இவ்வூரார் கர்க்கடகம் என வழங்கும் மழை மாதம் தொடங்கிவிட்டால், திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் வெந்நீருக்கு மதிப்பு மிகும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் முதியவர் குழாயைத் திருக, குளிர்ந்த நீரே கொட்டினால் வீடு அமர்க்களப்படும். முன்னாளில் தாமிரப் பாய்லரில் கரி அணைந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய கீசரோ சுவரின் உச்சியில் வாய் திறவாமல் இருக்கிறது.

சென்ற ஆண்டு நம் இல்லத்திலும் சமையலறைக் குழாயில் வெந்நீர் நின்றது. பழுது பார்க்க வந்தவர் கீசரைத் திறந்து, சூடேற்றும் கம்பியை மாற்றிக் கூலியும் பெற்றுச் சென்றார். மறுநாளும் பழைய கதையே. பின்னர் நம் இல்லத்தரசி, குளியலறை மிக்ஸர் குழாயின் இரு திருகுகளும் திறந்தே கிடப்பதைக் கண்டு மூடினார். சற்று நேரத்தில் சமையலறையில் வெந்நீர் வந்தது! கை ஷவரின் முனை மூடியிருந்தமையால், திறந்திருந்த மிக்ஸருக்குள் குளிர்ந்த நீர் புகுந்து வெந்நீர்க் குழாய்க்குக் குறுக்கு வழியில் பாய்ந்திருக்கிறது. நல்ல கம்பியை எறிந்து புதிய கம்பிக்குப் பணம் கொடுத்ததே மிச்சம்.

புகைவண்டி தாமதித்தால், எந்த இரு நிலையங்களுக்கு இடையே நின்றது என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கும் அதுவே முறை. வெந்நீர் ஒரு குழாயில் மட்டும் வரவில்லையா, எல்லாக் குழாய்களிலுமா? இவ்வொரு வினாவே பாதி வழியைக் காட்டிவிடும்.

ஒரு குழாயில் மட்டும் என்றால் கீசர் மேல் பழி இல்லை. முதலில் சிறிது பொறுத்துப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள குழாய் 10 மீட்டர் நீண்டிருந்தால், அதில் தங்கிய ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் குளிர்ந்த நீர் வெளியேறிய பின்னரே வெந்நீர் வரும். அதன்பின் தொட்டிக்கடியிலுள்ள ஆங்கிள் வால்வு திறந்திருக்கிறதா என்று நோக்குக. அடுத்து, குழாய் வாயிலுள்ள சிறு சல்லடையைக் கழற்றிக் கழுவுக. வெந்நீர்ப் பக்கம் மட்டும் நீர் நூலாக வந்தால், குழாயின் உட்பகுதியோ இணைப்புக் குழாயோ அடைபட்டிருக்கலாம்.

அடைப்பிற்கு ஊருக்கு ஊர் காரணம் வேறு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடின நீர் சுண்ணாம்புப் படலம் கட்டும். இந்நகருக்கு அருவிக்கரையிலிருந்து வரும் கரமனையாற்று நீர் மென்மையானது. ஆனால் இங்குள்ள செம்பாறை நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்றே அமிலத் தன்மையுடையது. அது பழைய இரும்புக் குழாயை உள்ளேயிருந்து அரிக்கும். அத்துருவே சல்லடையை அடைக்கும்.

குறுக்குப் பாய்ச்சலைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, அதற்குள் நீர் செல்லும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். சிறிது நேரத்தில் நீர் நின்றுவிட வேண்டும். நில்லாமல் ஓடினால், எங்கோ குளிர்ந்த நீர் கலக்கிறது என்று கொள்க. சோதனை முடிந்ததும் முதலில் வால்வைத் திறந்து, குழாயில் நீர் ஒழுங்காக வருவதைக் கண்ட பின்னரே மின்சாரத்தைத் தர வேண்டும்.

எல்லாக் குழாய்களிலும் வெந்நீர் இல்லையெனில் கீசரை நோக்குக. 15 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த, 2 கிலோவாட் கீசருக்குக் குறைந்தது 17 நிமிடம் வேண்டும். அதற்குள் பதறலாகாது. அரை மணி கழிந்தும் விளக்கு எரிந்து நீர் சூடாகாவிடில் கம்பியை ஐயுறலாம். விளக்கே எரியாவிடில் மின்பெட்டியில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஏற்றலாம். மீண்டும் விழுந்தால் அது எச்சரிக்கை. மறுபடி ஏற்றாமல் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். ஈரக் கையோடு கீசரின் மூடியைத் திறப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இன்னுமொன்று. கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது நீர் சொட்டினால், அதைத் துணி வைத்து அடைப்போர் உளர். வேண்டவே வேண்டாம்! 15 லிட்டர் நீர் மேற்சொன்ன அளவு சூடேறினால் சுமார் 200 மில்லி பெருகும். அது வெளியேற வழியடைத்தால் கலம் வெடிக்கவும் கூடும்.

நம்மில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள்; வீடு மாறும்தோறும் வால்வுகளின் இடமும் மாறும். குடிபுகும் நாளன்றே எந்த வால்வு எதற்கென்று ஒரு தாளில் குறித்து, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். பால் காய்ச்சிய கையோடு செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.