ரேஸ் டிராக் ஸ்கூலுக்குக் காசு கொடுக்கலாமா?

பைக் வச்சிருக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்தா இப்போ பேசுறது ஒரே விஷயம்தான்: டிராக் ஸ்கூல். ரேஸ் டிராக்குல ரெண்டு, மூணு நாள் வகுப்பு. வளைவுல எப்படி சாயணும், கண்ணு எங்க பார்க்கணும், ஆக்ஸிலேட்டரை எப்போ திருகணும்னு உட்கார வச்சு சொல்லித் தந்து, அப்புறம் ஓட்டவும் விடுவாங்க. இதுக்குக் காசு கொடுக்கிறது உருப்படியான செலவா, தண்டச் செலவா?

பி.காம் படிக்கிறவன்கிட்ட இதைக் கேட்டா வரவு செலவு போட்டுத்தான் பதில் சொல்லுவேன் :-) முடிவை முதல்லயே சொல்லிடறேன். சரக்கு நல்ல சரக்கு. லேபிள்தான் தப்பு. விளையாட்டுன்னு நினைச்சு வாங்கினா லாபம். ரோட்டுல உசிரைக் காப்பாத்தும்னு நினைச்சு வாங்கினா நஷ்டம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம செட்ல ஒருத்தன் இதுக்குப் போட்ட பட்ஜெட்டை நான் பார்த்தேன். வகுப்புக் கட்டணம், லெதர் சூட், பூட்ஸ், புது டயர், வண்டியை ஏத்திட்டுப் போக டெம்போ வாடகை, ரூம்... கூட்டினா ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதுல கட்டணம் பாதி கூட இல்லை. இந்தப் பணத்துக்கு அவன் கை வச்ச இடம் அவங்க அம்மா போட்டு வர்ற சீட்டு. அம்மாகிட்ட அவன் சொன்ன காரணம், "இது பாதுகாப்புப் பயிற்சிம்மா, கத்துக்கிட்டா கீழே விழ மாட்டேன்". அந்த வார்த்தைக்காகத்தான் அவங்க தலையாட்டினாங்க. அந்த வார்த்தை உண்மையான்னு பார்க்கணுமா இல்லையா?

முதல்ல வரவு பக்கம்.

நமக்குப் பக்கத்துல இருக்கிற டிராக் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. திண்டிவனம், செங்கல்பட்டு வழியா இங்கிருந்து மூணு மணி நேரம். 1953-ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட இடம். அதுக்கு முன்னாடி சோழவரத்துல, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடத்திட்டு இருந்தாங்க. 1990-ல் இந்த டிராக் வந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ரொம்ப நாள் எம்.எம்.ஆர்.டி.ன்னு கூப்பிட்டோம், இப்போ பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, அது 2003-ல் வந்தது.

கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. கீத் கோடுங்கிற அமெரிக்கர் 1980-ல் ஆரம்பிச்சது. 2010-ல் முதல் தடவையா சென்னை டிராக்குக்கு வந்தாங்க. முதல் நிலையில அஞ்சு பாடம்: ஆக்ஸிலேட்டரை வளைவுல எப்படித் திறக்கிறது, எந்தப் புள்ளியில திரும்ப ஆரம்பிக்கிறது, வண்டியை எவ்வளவு வேகமா சாய்க்கிறது, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காம இருக்கிறது, கண்ணை அடுத்த புள்ளிக்கு முன்கூட்டியே நகர்த்துறது. ஒரு தடவை ஓட விடுவாங்க, இறங்கினதும் கோச் தப்பைச் சொல்லுவார், மறுபடி ஓடணும்.

இதோட அருமை புரியணும்னா நம்ம லைசென்ஸ் டெஸ்ட்டை நினைச்சுப் பாருங்க. எட்டு போட்டோம், காலை ஊனலை, பாஸ். முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தலாம்னு யாராவது சொல்லித் தந்தாங்களா? பாதிப் பேரு இன்னும் "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்"னு நம்பிட்டு பின் பிரேக்கை மட்டும் மிதிச்சிட்டு இருக்கோம். ஆனா நிறுத்துற பலத்துல பெரிய பங்கு முன் சக்கரத்துல இருந்துதான் வருது. அதனால வண்டி ஓட்டுறதை ஒரு படிப்பா மதிச்சு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லித் தர்றாருன்னா, அது நம்ம வாழ்க்கையில முதல் தடவையா நடக்குது. அதுக்கு ஒரு விலை இருக்கு. ஒத்துக்கிறேன்.

ரேஸர் ஆகணும்னு வெறி இருக்கிறவனுக்கு இது படிக்கட்டு. நம்ம ஊரை பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போயிட்டான், ஆனா கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ரேஸ் கத்துக்கப் பிரான்சுக்குப் போனார். 1992-ல் வின்ஃபீல்டுங்கிற ரேஸ் ஸ்கூல்ல சேர்ந்து, அங்க நடந்த எல்ஃப் போட்டியில அரையிறுதி வரைக்கும் வந்தார். அப்போ அவருக்கு 15 வயசு. அதே ஸ்கூலோட இன்னொரு கிளையில ஓட்டித்தான் 1975-ல் அலன் ப்ராஸ்ட் எல்ஃப் போட்டியை ஜெயிச்சார், பின்னாடி நாலு தடவை உலக சாம்பியன் ஆனார். நரேன் 2005-ல் ஜோர்டன் அணியில ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அந்த ரூட்ல போறவனுக்கு ஸ்கூல் கட்டணம் முதலீடு. அதுல எனக்குச் சண்டையே கிடையாது.

இப்போ செலவு பக்கம். "பாதுகாப்பு"ங்கிற லேபிள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் விபத்துல மாட்ட மாட்டான். சரிதானே? இதை ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. 1974-ல் அமெரிக்காவுல வில்லியம்ஸ், ஓ'நீல்னு ரெண்டு பேர், ரேஸ் லைசென்ஸ் வச்சிருந்தவங்களோட சாதாரண ரோட்டு ரெக்கார்டை எடுத்து மத்தவங்களோட ஒப்பிட்டாங்க. ரேஸ் ஓட்டுறவங்களுக்குத்தான் ரோட்டுல விபத்தும் அதிகம், ஸ்பீடிங் வழக்கும் அதிகம்!

"அவங்க ஏற்கனவே வேகப் பைத்தியம், அதனாலதான் ரேஸுக்கே வந்தாங்க, ஸ்கூல் என்ன பண்ணும்"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்கு நார்வே பதில் சொல்லுது. அங்க 1979-ல் புதுசா லைசென்ஸ் எடுக்கிறவங்களுக்கு வழுக்குப் பாதையில கார் ஓட்டுற பயிற்சியைக் கட்டாயம் ஆக்கினாங்க. கட்டாயம்னா பைத்தியமும் வரணும், பயந்தவனும் வரணும். பின்னாடி கணக்கெடுத்துப் பார்த்தா, இளம் ஆண்கள் வழுக்குப் பாதையில மாட்டின விபத்து குறையலை, கூடியிருந்தது. ஏன்னு ஸ்வீடன்ல 1996-ல் வந்த கிரெகர்சனோட ஆய்வு காட்டுச்சு. திறமையை வளர்க்கிற மாதிரி பயிற்சி எடுத்த குழு, தங்களைப் பத்தி ரொம்ப உசத்தியா மதிப்பு போட்டுக்கிச்சு. ஆனா உண்மையில ஓட்ட விட்டுப் பார்த்தா, மத்த குழுவுக்கும் இவங்களுக்கும் திறமையில வித்தியாசம் இல்லை. அதாவது கூடினது தைரியம் மட்டும்தான்.

எல்லாம் கார் கணக்குன்னு ஒதுக்காதீங்க. பைக்குக்கு நானே ஒரு கணக்கு போட்டேன். பிளஸ் டூ பசங்களுக்கே தெரிஞ்ச ஃபார்முலாதான்.

ஆபத்தைப் பார்த்து பிரேக் தொட ஒரு செகண்ட்னு வச்சுக்குவோம். பயிற்சி இல்லாதவன் பிரேக் பிடிச்சா செகண்டுக்கு செகண்ட் 5 மீட்டர் வேகம் குறையுது, பயிற்சி எடுத்தவன் பிடிச்சா 7 மீட்டர் குறையுதுன்னு வச்சுக்குவோம். பெரிய முன்னேற்றம்தான்.

பயிற்சி இல்லாதவன், மணிக்கு 80 கி.மீ: யோசிக்கிற தூரம் 22 மீட்டர், பிரேக் தூரம் 49. மொத்தம் 71 மீட்டர்.

பயிற்சி எடுத்தவன், அதே 80: 22, அப்புறம் 35. மொத்தம் 57 மீட்டர். 14 மீட்டர் லாபம். ஒரு லாரி நீளத்தை விட அதிகம். சபாஷ்.

பயிற்சி எடுத்தவன், 95: 26, அப்புறம் 50. மொத்தம் 76 மீட்டர்.

கவனிச்சீங்களா? வெறும் 15 கி.மீ. வேகத்தைக் கூட்டினதுல மொத்த லாபமும் போயி, பயிற்சியே இல்லாதவனை விட 5 மீட்டர் தள்ளித்தான் நிக்கிறான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. வகுப்பு முடிச்சு சர்டிஃபிகேட்டோட ஈ.சி.ஆர்-ல திரும்பி வர்றவன் 80-லயே வருவானா? :-)

இன்னொரு விஷயம். டிராக்குல எல்லாரும் ஒரே திசையில போவாங்க. மணல் இருந்தா கூட்டுவாங்க, ஒருத்தன் விழுந்தா கொடி காட்டுவாங்க, ஆம்புலன்ஸ் நிக்கும். அதே 12 வளைவு திரும்பத் திரும்ப வரும். எங்க மேட்டுப்பாளையத்துல லாரி முனையத்துப் பக்கம் ஒரு ரவுண்டு வாங்க. ரிவர்ஸ் எடுக்கிற டாரஸ், குறுக்கே வர்ற டி.வி.எஸ் ஃபிஃப்டி, பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ரோட்டுல கொட்டின ஜல்லி. டிராக்குல ரோட்டோட முழு அகலமும் உன்னுது. இங்க பாதி அகலம் எதிர்ல வர்ற லாரியோடது. வளைவுல வெளியே இருந்து உள்ளே வந்து மறுபடி வெளியே போற அந்த அழகான கோட்டை இங்க போட்டா பதினாறாம் நாள்தான்.

அங்க நிறுத்துற லாரிக்காரர் ஒருத்தர் சொன்னது எனக்கு எந்தப் பாடத்தையும் விடப் பெரிசா பட்டுச்சு. "தம்பி, முன்னாடி போறவனும் எதிர்ல வர்றவனும் இப்போ தப்பு பண்ணப் போறான்னு நினைச்சே ஓட்டு." முப்பது வருஷமா லோடு அடிக்கிறவர். வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ரோட்டுக்குத் தேவையான திறமை அடுத்தவன் தப்பை முன்கூட்டியே பார்க்கிறதுதான். அடுத்தவன் தப்பே பண்ணாத இடத்துல அதைக் கத்துக்க முடியாது.

டிராக்குன்னா ஆபத்தே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2023-ல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் ஓட்டினவங்க ரெண்டு பேர் இறந்தாங்க. ஜனவரியில 59 வயசு அனுபவசாலி ஒருத்தர், ஆகஸ்டுல 13 வயசுப் பையன். அது போட்டி, ஸ்கூல் வேற, சரிதான். ஆனா வேகம் அனுபவத்தையும் பார்க்காது, வயசையும் பார்க்காது.

அப்போ பாதுகாப்புக்காகக் காசு செலவு பண்ணணும்னா எங்க பண்றது? 2022-ல் இந்தியாவுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029 பேர். வேகம் காரணம்னு எழுதினது நூத்துக்கு எழுபதுக்கு மேல. வளைவுல சாயத் தெரியாம செத்தாங்கன்னு ஒரு தலைப்பே அந்தப் பட்டியல்ல கிடையாது. நம்ம பாண்டியில ஹெல்மெட் என்ன பாடுபட்டுச்சுன்னு சொல்லவே வேண்டாம். 2019 பிப்ரவரியில ஆளுநர் கட்டாயம்னு ரோட்டுல இறங்கி நிக்க, முதலமைச்சர் ராஜ்நிவாஸ் வாசல்ல தர்ணாவுல உட்கார, அந்தச் சண்டையில இதுவும் ஒண்ணு. ஹெல்மெட்டையே அரசியல் ஆக்கின ஊர்ல நாம டிராக் ஸ்கூல் பத்திப் பேசிட்டு இருக்கோம்!

என் வரிசை இதுதான். ஐ.எஸ்.ஐ முத்திரை போட்ட, தலைக்குச் சரியா உட்கார்ற ஹெல்மெட். அப்புறம் நல்ல டயர். அடுத்த வண்டி வாங்கும்போது ஏ.பி.எஸ் இருக்கிற வண்டி (125 சி.சி.க்கு மேல 2019 ஏப்ரல்ல இருந்து எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம்தான், பழைய வண்டி வாங்குறவங்க பார்த்து வாங்குங்க). கடைசியா, காலி மைதானத்துல காலையில அரை மணி நேரம், 30-ல் இருந்து ஆரம்பிச்சு முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி நிறுத்திப் பழகுறது. கடைசி ஐட்டத்துக்குச் செலவு பெட்ரோல் மட்டும். இதெல்லாம் முடிஞ்சு மிச்சம் காசு இருந்தா, அது உங்க காசா இருந்தா, தாராளமா இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்க. வேகத்தை அதுக்குன்னு கட்டின இடத்துல வச்சு ருசி பாருங்க. சந்தோஷமா வாங்க.

ஆனா வீட்டுல காசு கேட்கும்போது "ஆசையா இருக்கும்மா"ன்னு கேளுங்க. "பாதுகாப்பு"ன்னு கேட்காதீங்க. முதல்ல கேட்டா கிடைக்காம போகலாம். ரெண்டாவது மாதிரி கேட்டா அவங்களும் அதை நம்புவாங்க, கொஞ்ச நாள்ல நீங்களும் நம்ப ஆரம்பிச்சிடுவீங்க. நார்வேக்காரப் பசங்க விஷயத்துல நடந்தது அதுதான்.

என் கணக்குல ஓட்டை இருந்தா தாராளமா சண்டைக்கு வாங்க. வரும்போது ஹெல்மெட் போட்டுட்டு வாங்க :-)