கேஷ் கவுன்டரில் ராஜராஜனுக்கு என்ன வேலை?

பட்டிமன்ற மேடையில் கைதட்டு வாங்க ஓர் எளிய வழி: 'வங்கியில் கேஷ் என்கிறார்களே, அது நம் காசு!' என்று முழங்குவது. தஞ்சை வட்டாரமென்றால் ராஜராஜனையும் இழுத்துக்கொள்வார்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு இருப்பது உண்மை. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) கட்டின. சில ஊர்கள் மூன்று குறுணி நெல் அளந்தன. ஆனால் அந்தக் காசுக்கும் கேஷ் கவுன்டருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கவுன்டர் கேஷின் மூலம் இத்தாலிய 'காஸா', அதற்கும் முன் லத்தீன் 'காப்ஸா'. பொருள், பெட்டி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது. பிறகு பெட்டியின் பெயர் பணத்துக்கே நின்றுவிட்டது. நம் கடைத்தெருவில் கல்லா வசூலையும் குறிப்பதுபோல. 'ரோமாபுரியோடு வாணிகம் செய்தோமே, காப்ஸாவே நம் காசாக இருக்கக் கூடாதா?' என்பார்கள். நடுவிலுள்ள 'ப்' எங்கிருந்து வந்ததாம்? நாம் விழுங்கும் காப்ஸ்யூலும் அந்தப் பெட்டியின் பிள்ளைதான். அதையும் தமிழென்பார்களோ!

வேடிக்கை என்னவென்றால், காசிலிருந்து பிறந்த கேஷ் ஒன்று ஆங்கிலத்தில் நிஜமாகவே இருக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒன்று, சொல் வேறு. போர்ச்சுகீசியர் காசைக் 'கைஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி; குழப்பத்துக்கு அங்கேயே விதை விழுந்துவிட்டது. அதுவே ஆங்கிலத்தில் சில்லறை நாணயமான கேஷ். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் இறங்கிய டேனிஷ்காரர்கள் அடித்த செப்புக்காசுக்கு 'காஸ்' என்றே பெயர். சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். சீனருக்கு அது 'சியென்'. நம் சொல் சீனக் காசின் மேல்போய் உட்கார்ந்த இந்தக் கதையை எந்த மேடையும் சொல்வதில்லை.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரஸ்வதி மகால் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த பர்னெல், யூலோடு சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி 1886இல் வெளிவந்தது. நாணயக் கேஷுக்குத் தமிழ்க் காசைக் காட்டும் பதிவு அதிலேயே இருக்கிறது. கல்லணையைக் 'கிராண்ட் ஆனிகட்' என்கிறார்களே, அந்த ஆனிகட்டும் நம் அணைக்கட்டுதான். அது தீர்ந்த வழக்கு. அரிசிதான் 'ரைஸ்' ஆனதா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கேஷ் கவுன்டர் வழக்கோ தள்ளுபடி, மேல்முறையீட்டுக்கும் இடமில்லை.