திருடினால் என்ன தண்டனை?



ஒருவர் கடையில் இரண்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருளைத் திருடிவிட்டார். அதுதான் அவருடைய முதல் குற்றம். நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தண்டனை கொடுப்பீர்கள்?

நான் ஆசிரியராக இருந்தபோது இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பேன். "ஜெயில்ல போடணும் சார்!" என்பார்கள் சிலர். "கையை வெட்டணும் சார்!" என்று கத்துவார்கள் கடைசி பெஞ்சுக்காரர்கள்.

நம் நாட்டின் சட்டம் இன்று சொல்லும் பதில் வேறு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 'பாரதிய நியாய சன்ஹிதா' என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடியவர், அந்தப் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. அதாவது, ஊருக்குப் பயன்படும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்ய வேண்டும்.

'இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதா? இந்த இடத்துக்கு வர மனிதர்களுக்கு எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள்.

பணக்காரன் பிழைத்தான்

சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்டவர் ஹமுராபி. அவருடைய சட்டங்களைப் பொறித்த கருங்கல் தூண் இப்போது பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒருவன் ஆட்டையோ மாட்டையோ திருடினால் என்ன செய்வது? அது கோயிலுக்கோ அரண்மனைக்கோ சொந்தமானால் முப்பது மடங்கு கொடுக்க வேண்டும். சாதாரண மனிதனுடையது என்றால் பத்து மடங்கு. கொடுக்க வசதி இல்லாவிட்டால்? மரண தண்டனை! பணம் இருந்தவன் பிழைத்தான், ஏழை செத்தான். குற்றம் ஒன்றுதான்.

விசாரிக்காத தீர்ப்பு

நம் சிலப்பதிகாரத்தில் கோவலன் மீது விழுந்ததும் திருட்டுப் பழிதான். பாண்டிய மன்னன் சரியாக விசாரிக்கவில்லை. கோவலன் கொல்லப்பட்டான். உண்மை தெரிந்தபோது மன்னனும் உயிரை விட்டான். ஆனால் போன உயிர் வந்ததா?

ஐந்து ஷில்லிங்கிற்குத் தூக்கு

இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு தண்டனை இருந்தது. கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்குதான்.

திருட்டு ஒழிந்ததா? இல்லை. வேடிக்கை என்னவென்றால், தண்டனை கடுமையாக இருந்ததாலேயே பல திருடர்கள் தப்பினார்கள். வழக்கைக் கேட்ட ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. 'பொருளின் மதிப்பு ஐந்து ஷில்லிங்கிற்கும் குறைவு' என்று தெரிந்தே குறைத்துச் சொல்லிவிடுவார்கள்!

இத்தாலியைச் சேர்ந்த பெக்காரியா என்ற இளைஞர் 1764-லேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தண்டனை கொடூரமாக இருப்பதைவிட நிச்சயமாக இருப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்றார் அவர். மெல்ல மெல்ல நாடுகள் அதைக் கேட்கத் தொடங்கின. இங்கிலாந்தில் பிக்பாக்கெட் குற்றத்துக்கு இருந்த தூக்கு 1808-ல் நீங்கியது.

சாட்டையும் சிறையும்

இந்தியாவில் மெக்காலே தலைமையில் எழுதப்பட்ட தண்டனைச் சட்டம் 1860-ல் நிறைவேறி, 1862-ல் அமலுக்கு வந்தது. திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. ஆனால் 1864-ல் வேறொரு சட்டம் கொண்டு வந்து, திருடியவர்களுக்குக் கசையடியும் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியா 1955-ல் கசையடியை ஒழித்தது.

இப்போது சமூக சேவை வந்திருக்கிறது. இதிலும் கேள்விகள் உண்டு. என்ன வேலை, எத்தனை நாள் என்று இந்தச் சட்டம் பட்டியல் போடவில்லை. நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலை ஒருவரை நாலு பேர் முன் அவமானப்படுத்துவதாக ஆகிவிடக் கூடாது. திருந்த வழி காட்டுவதாக இருக்க வேண்டும். அதேபோல், பொருளைப் பறிகொடுத்தவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும். அதனால்தான், திருடியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் இந்தச் சலுகை.

என் பிரம்பு

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவியின் பத்து ரூபாய் நோட்டு காணாமல் போனது. பிரேயர் நேரத்தில் ஒரு பையன் மட்டும் வகுப்பில் இருந்தான். வேறெதுவும் கேட்காமல் பிரம்பை எடுத்தேன். "நான் எடுக்கல சார்" என்று அழுதான். நான் நம்பவில்லை.

மாலையில் அந்த நோட்டு மாணவியின் கணக்கு நோட்டுக்குள்ளேயே கிடைத்தது. மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதன்பிறகு என் வகுப்பில் அவன் கை தூக்கிப் பதில் சொல்லவே இல்லை.

இன்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. நல்லதுதான். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்களாவது கேளுங்கள். 'என்ன தண்டனை?' என்பது இரண்டாவது கேள்வி. 'இவன்தான் செய்தானா?' என்பதே முதல் கேள்வி.